தேய்பிறைத் தண்ணீர்

பாலூர்க்காரர்கள் அணை கட்டிவிட்டார்கள் என்று கருவேலிக்கு யாரும் வந்து சொல்லவில்லை. ஆறுதான் சொன்னது. காலையில் இடுப்பளவு ஓடிய தண்ணீர் உச்சிவேளைக்கு முழங்காலுக்கு இறங்கியது. மறுநாள் மணல் தெரிந்தது. பிறகு குழிகளில் மீன்கள் துடித்தன. காக்கைகள் வந்து கரையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன.

கீரந்தை கரையில் நின்று அதைப் பார்த்தான். அவனுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கருவேலியின் வாய் என்று அவனைச் சொல்வார்கள். வழக்கென்றாலும் தூதென்றாலும் ஊருக்காகப் பேசப் போகிறவன் அவன்தான். அன்று அவனுக்குப் பேச்சு வரவில்லை.

குறும்பை ஆற்றின் மேல் மூன்று ஊர்கள். மேலே ஏற்றூர், நடுவில் பாலூர், கடைசியில் கருவேலி. முன்பு ஏற்றூர்க்காரர்கள் ஆற்றுக்குக் குறுக்கே கல்லணை எழுப்பி, மூன்று கோடை முழுக்கத் தண்ணீரைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். கீழே இரண்டு ஊர்களும் காய்ந்தன. அப்போது கீரந்தைதான் பாலூருக்கு நடந்து போய், அதன் தலைவன் சாத்தனைப் பார்த்துப் பேசி, இரண்டு ஊர்களையும் ஒன்றாக்கினான். பறை அடித்தார்கள். ஒரே பானையில் சோறு பொங்கி உண்டார்கள். சாத்தன் எல்லோர் முன்னிலையிலும் கீரந்தையைத் தழுவிக்கொண்டான். இரண்டு ஊர் ஆட்களும் தோளோடு தோள் நின்று ஏற்றூரை அடித்து, அணையைப் பெயர்த்துப் போட்டார்கள். அன்றைய சண்டையில் கீரந்தையின் தம்பி அழிசி செத்துப்போனான். பாலூர் ஆட்கள் குனிந்து கல் பெயர்த்துக்கொண்டிருந்தபோது அவர்கள் முதுகுக்குக் காவல் நின்றவன் அவன். ஈட்டி அவன் மார்பில் பாய்ந்தது.

பெயர்த்த கற்களைப் பாலூர் வண்டிகள் ஏற்றிக்கொண்டு போயின. கோயில் மதிலுக்கு என்று நினைத்துக் கருவேலி ஆட்களும் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். அதே கற்கள்தான் இப்போது பாலூரில் அணையாக நிற்கின்றன.

அழிசியின் மனைவி வெண்ணி குடத்தோடு ஆற்றுக்கு வந்தவள் மணலைப் பார்த்தாள். கீரந்தையைப் பார்த்தாள். "ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி" என்றாள். பழமொழியின் மிச்சத்தைச் சொல்லாமல் வெறுங்குடத்தோடு திரும்பிப் போனாள். அவள் திட்டியிருந்தால் கீரந்தை தாங்கியிருப்பான்.

அவன் நேரே பாலூருக்குப் போனான். சாத்தன் எழுந்து வந்து வரவேற்று, மோர் கொடுத்து, மழை இல்லாததைப் பற்றிப் பேசினான். அணையைப் பற்றிக் கேட்டதும், எங்கள் ஆற்றில் நாங்கள் கட்டிக்கொண்டோம், இதில் உனக்கு என்ன செய்தேன் என்று கேட்டான். கீரந்தை மோரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தான். அங்கிருந்து வீட்டுக்குப் போகாமல், மூன்று ஊர்ப் பாதைகளும் கூடும் இடத்திலுள்ள சத்திரத்துக்கு நடந்தான். அங்கே மருதியம்மை இருந்தார்.

மருதியம்மை வழிப்போக்கர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறவர். ஆனால் கஞ்சிக்காக மட்டும் அங்கே யாரும் வருவதில்லை. ஊர்ப் பேச்சுக்காரர்கள், வழக்குத் தீர்ப்பவர்கள், தூது போகிறவர்கள் எல்லோரும் சொல் கற்க அவரிடம் வருவார்கள். எதைச் சொல்வது, எதைக் கேட்பது, எங்கே வாயை மூடுவது என்பதுதான் அங்கே பாடம். அவர் கீரந்தையைவிடப் பத்து வயதாவது இளையவர். அவரிடம் பல ஆண்டுகள் கற்றவன் என்பதில் கீரந்தைக்குப் பெருமை உண்டு. எந்த ஊரில் பிறந்தவர் என்று மட்டும் அவன் கேட்டதில்லை.

அவன் போனபோது அவர் முறத்தில் அரிசி பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்றான். தம்பியின் இரத்தம் பட்ட கல் என்றான். கடைசியில் கேட்டான்.

"அம்மை, வாக்குத் தவறியவனுக்கு என்ன தண்டனை?"

"என்ன வாக்கு?"

"சாத்தன் கொடுத்த வாக்கு."

"அதைத்தான் கேட்கிறேன். அன்று அவர் சொன்னதை அப்படியே சொல்லும்."

கீரந்தை கண்ணை மூடிக்கொண்டான். அந்தச் சொற்கள் அவனுக்கு மனப்பாடம். "'உன் பகைவன் என் பகைவன். ஏற்றூர் அணை உடையும்வரை உன் தோளோடு என் தோள்.' வாளைத் தொட்டுச் சொன்னான்."

"அணை உடைந்ததா?"

"உடைந்தது."

"அதுவரை அவர் தோள் விலகியதா?"

விலகியது என்று சொல்லத்தான் கீரந்தைக்கு ஆசை. ஆனால் அவன் பொய் சொல்லிப் பழகாதவன். சாத்தனின் ஆட்களும் அன்று செத்தார்கள். சாத்தனே கையில் வெட்டு வாங்கினான்.

"இல்லை."

"அப்படியானால் அவர் வாக்குத் தவறவில்லை" என்றார் மருதியம்மை. ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார்.

கீரந்தைக்கு முகம் சிவந்துவிட்டது. சாத்தனுக்கு வக்காலத்து வாங்கவா உங்களிடம் வந்தேன் என்று கேட்டான். ஒருவன் தம்பியைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கிறான், நீங்கள் சொல்லை எடைபோட்டுப் பார்க்கிறீர்கள் என்றான். அவர் அவன் ஓயும்வரை காத்திருந்தார்.

"அணை உடைந்த மறுநாளைப் பற்றி உங்களில் யார் பேசினீர்கள்?"

"யாரும் பேசவில்லை. கல்யாணப் பந்தலில் உட்கார்ந்து பாடை கட்டுவதைப் பற்றிப் பேசுவார்களா? நண்பனிடம் அதையெல்லாம் கேட்க முடியுமா?"

மருதியம்மை இன்னொரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"சரி" என்றான் கீரந்தை. "எனக்கும் வழி தெரியும். ஏற்றூருக்குப் போகிறேன். அந்துவன் சாத்தன்மேல் என்னைவிட ஆத்திரமாக இருக்கிறான். ஏற்றூரும் கருவேலியும் சேர்ந்தால் பாலூர் அணை ஒரு நாள் தாங்காது."

அந்துவன் ஏற்றூர்த் தலைவன். போன ஆண்டு வரை கீரந்தை அவன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் தரையில் துப்புவான்.

"போகலாம்" என்றார் மருதியம்மை. முறத்தை எடுத்து வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நானும் வருகிறேன்."

வழியெல்லாம் கீரந்தை பேசிக்கொண்டே வந்தான். பாதி தூரத்தில் ஒரு கேள்வி அவன் வாயிலிருந்து வந்தது. சேர்ந்து அடிக்கிற கூட்டணி வேறு, மறுநாளையும் பேசி வைக்கிற உடன்படிக்கை வேறு என்று சொல்கிறீர்களா, இரண்டும் கைகோப்பதுதானே என்றான். மருதியம்மை, "வழியில் முள் கிடக்கிறது, பார்த்து நடவும்" என்றார்.

ஏற்றூரில் அந்துவன் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவான் என்று கீரந்தை எதிர்பார்த்தான். நடந்தது வேறு. பாலூர் என்ற பெயரைக் கேட்டதுமே அந்துவன் முகம் மலர்ந்துவிட்டது. நெட்டையான மனிதன், எலும்பும் தோலுமாக இருந்தான். கீரந்தை தொடங்கிய வாக்கியத்தை அவனே முடித்தான். பாலூர் அணையை உடைக்க வேண்டும், சாத்தன் கொட்டத்தை அடக்க வேண்டும், அவ்வளவுதானே என்றான். உள்ளே ஆள் அனுப்பி வாளைக் கொண்டுவரச் சொன்னான். சமையலுக்கும் சொல்லி அனுப்பினான். சுற்றி நின்றவர்கள் அதற்குள் ஆரவாரம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். கீரந்தைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பழைய நாள் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

வாள் வந்தது. அந்துவன் அதன் மேல் கையை வைத்தான். கீரந்தையும் கையை நீட்டினான்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றார் மருதியம்மை. "கீரந்தையாரே, பாலூர் அணை உடைந்த மறுநாள் காலையில் இந்த ஊர் என்ன செய்யும் என்று கேளும்."

கீரந்தைக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் ஆசிரியர் சொல். கேட்டான்.

அந்துவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அவன் முரடன், ஆனால் மழுப்பத் தெரியாதவன். வாளிலிருந்து கையை எடுக்காமலேயே சொன்னான்.

"எங்கள் அணையைத் திரும்பக் கட்டுவோம். வேறென்ன செய்வோம்?"

கீரந்தையின் கை பின்னுக்கு வந்தது. அதற்குப் பிறகு அங்கே நடந்தது பேச்சு அல்ல. மூன்று கோடையும் கருவேலியில் செத்த மாடுகளை அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். குடிக்கத் தண்ணீரில்லாமல் ஊரைவிட்டுப் போன குடும்பங்களைச் சொன்னான். அழிசியைச் சொன்னான். நீ மனிதனா என்று கேட்டான். அந்துவனும் விடவில்லை. எங்கள் மேட்டுநிலத்தில் ஏற்றம் போட்டாலும் தண்ணீர் ஏறாது, அணை இல்லாமல் நாங்கள் கல்லையா தின்போம் என்றான். விடிவதற்கு முன்னால் வந்து தூங்குகிறவர்களைக் குத்தியவர்கள் நீங்கள், நீ என்னைப் பார்த்து மனிதனா என்று கேட்கிறாயா என்றான். உன் தம்பி ஒருவன், எங்களில் எத்தனை பேர் தெரியுமா என்று பெயர்களை அடுக்கத் தொடங்கினான்.

"கோடன். மாசாத்தி மகன் எயினன். எயினனின் மாமன். பிறகு, இதோ நிற்கிறாரே, இவருடைய தம்பிகள் இரண்டு பேரும்."

அந்துவனின் விரல் மருதியம்மையைக் காட்டியது.

கீரந்தை திரும்பிப் பார்த்தான். அவர் தூணோரம் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்தச் சண்டைக்கு முன்னாலும் அவன் அவரிடம் போய்க் கஞ்சி குடித்திருக்கிறான். சண்டைக்குப் பின்னாலும் போயிருக்கிறான். வென்றுவிட்டோம் என்று அவரிடம் கையை வீசி வீசிக் கதை சொல்லியிருக்கிறான். அப்போதும் அவர் ஊற்றினார்.

அந்துவன் விரலை இறக்கினான். மருதியம்மைதான் பேசினார்.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்? இன்னும் பாக்கி இருக்குமே."

இருந்தது. முதலில் அந்துவன் தொடங்கினான். பிறகு கீரந்தையும் தொடர்ந்தான். ஆனால் முன்பிருந்த வேகம் இல்லை. சமைத்த சோறு ஆறிப்போனது. யாரும் உண்ணவில்லை. மாலைக்குள் இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது. சொல்ல இருந்ததையெல்லாம் சொல்லி முடித்து, எதிரெதிரே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

பிறகு அந்துவன் கரகரத்த குரலில் கேட்டான்.

"உங்கள் ஊருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?"

கீரந்தை அவனை வெறித்துப் பார்த்தான். அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. ஒரே பானையில் உண்ட சாத்தன்கூடக் கேட்டதில்லை. அவனும் சாத்தனிடம் கேட்டதில்லை.

அவர்கள் பேசினார்கள். ஏற்றூர் அணை முழங்கால் உயரத்துக்கு இருந்தாலே மேட்டுநிலத்துக்கு வாய்க்கால் எடுத்துவிடலாம் என்று தெரிந்தது. மேலே வழிவது கீழே போகும். ஆனால் கீழே போவது முதலில் பாலூருக்குத்தான் போகும். பாலூர் ஒப்பாமல் இதில் எதுவும் நிற்காது. அதைச் சொன்னதும் கீரந்தைக்குப் பழைய ஆத்திரம் அப்படியே கிளம்பியது.

"அவன் முகத்தில் நான் விழிக்க மாட்டேன்."

"கண்ணை மூடிக்கொண்டு பேசும்" என்றார் மருதியம்மை.

"அம்மை, நான் அவனை நம்ப மாட்டேன்."

"நம்பாதீர். நம்புகிறவரோடு எதற்கு உடன்படிக்கை?"

திரும்பும் வழியில் கீரந்தை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தான். சத்திரம் கண்ணில் பட்டபோதுதான் அவனால் கேட்க முடிந்தது. தம்பிகளைப் பற்றி ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்றான்.

"சொல்லியிருந்தால் நீர் அழுதிருப்பீர். இங்கே வருவதை நிறுத்தியிருப்பீர்" என்றார் அவர். "எனக்கு அதனால் என்ன கிடைத்திருக்கும்?"

"என்மேல் உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"இருக்கிறது."

அவர் முன்னே நடந்து சத்திரத்துக்குள் போனார்.

பாலூருக்குக் கீழே, வறண்ட ஆற்றின் நடுவில், கீரந்தை, அந்துவன், சாத்தன் மூவரும் கூடினார்கள். சாத்தன் வருவதற்குச் சம்மதித்ததே ஏற்றூரும் கருவேலியும் பேசிக்கொண்டிருக்கின்றன என்ற செய்தி அவன் காதுக்குப் போனதால்தான். மருதியம்மை மணலில் மூன்று பாய்களை விரித்தார். கீரந்தை பழக்க தோஷத்தில் தன் பாயை இழுத்து அந்துவனுக்குப் பக்கத்தில் போட்டு, பாலூரைப் பார்த்து உட்கார்ந்தான்.

"அங்கே இல்லை" என்றார் மருதியம்மை. "எதிரே."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த மாத்திரத்தில் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் சொன்ன விதிகள் கொஞ்சம்தான். வாள் கூடாது. அண்ணன், தம்பி, நண்பன் என்ற சொற்கள் கூடாது. எதிரே இருப்பவர் ஏமாற்றினால் என்ன செய்வேன் என்பதை ஒவ்வொருவரும் அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

சாத்தன்தான் முதலில் குமுறினான். பருத்த உடம்பு, வெட்டு வாங்கிய இடது கை சரியாக மடங்காது. கீரந்தை அடுக்கிய கேள்விகளைக் கேட்டு அவன் கழுத்து நரம்பு புடைத்தது. இரவில் மதகை மூடினால் என்ன செய்வது, அணையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினால் யார் பார்ப்பது, பலகை உடைந்துவிட்டது என்று சாக்குச் சொன்னால் என்ன என்றெல்லாம் கீரந்தை கேட்டான்.

"இவன் என்னைத் திருடன் என்றே முடிவு செய்துவிட்டுப் பேசுகிறான்" என்றான் சாத்தன் மருதியம்மையிடம்.

"நீங்களும் அவரை அப்படியே நினைத்துப் பேசுங்கள்."

சாத்தன் கீரந்தைப் பக்கம் திரும்பினான்.

"மூன்று கோடை நானும் காய்ந்து கிடந்தேன், கீரந்தை. என் ஊரில் கைக்குழந்தைகள் செத்தன. உடைக்கலாம் வா என்றாய், வந்தேன். உடைத்தேன். இந்தக் கை உனக்காகவும்தான் போனது. நான் கட்டக் கூடாது என்று நீ எப்போது சொன்னாய்?"

"சொல்லித்தான் தெரிய வேண்டுமா?"

"என் ஊர் வயிறு நிறைந்த பிறகு தெரிந்திருக்கும். காய்ந்தவனுக்கு எதுவும் தெரியாது. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?"

கீரந்தை வாயெடுத்தான். நடுவூர் கருவேலியாக இருந்து, கடைசி ஊர் பாலூராக இருந்தால்? வண்டி வண்டியாகக் கல் கையில் இருந்தால்? அவன் அந்த நினைப்பைத் துப்ப முடியாமல் விழுங்கினான். ஆத்திரம் குறையவில்லை. ஆனால் அது இப்போது எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அவனுக்குள்ளேயே சுற்றியது.

அவர்கள் பல நாள் பேசினார்கள். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் பாயை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். மறுநாள் திரும்பி வந்தார்கள். பேசாமல் விட்டால் தண்ணீர் மணலுக்குத்தான் என்பது மூவருக்கும் தெரியும். கடைசியில் ஒப்புக்கொண்டது இவ்வளவுதான். ஏற்றூர் அணை முழங்காலுக்கு மேல் ஏறக் கூடாது. பாலூரில் ஆற்றின் நடுவே ஒரு குறிக்கல் நட வேண்டும். தண்ணீர் கல்லுக்கு மேலே ஓடினால் எல்லோருக்கும் உண்டு, முறை கிடையாது. கல்லுக்குக் கீழே இறங்கினால் வளர்பிறைத் தண்ணீர் பாலூருக்கு, தேய்பிறைத் தண்ணீர் கருவேலிக்கு. பௌர்ணமிக்கு மறுநாள் காலை பாலூர்த் தலைவன் தன் கையாலேயே மதகுப் பலகையைத் தூக்க வேண்டும். யார் மீறினாலும் மற்ற இரண்டு ஊர்களும் சேர்ந்து மீறியவன் அணையைத் தரைமட்டமாக்கும். அதற்கு வேறு பேச்சு வேண்டியதில்லை.

மூவரும் மணலைக் கையில் அள்ளி ஒப்புக்கொண்டார்கள். பறை இல்லை. பொங்கிய சோறு இல்லை. யாரும் யாரையும் தழுவவில்லை. சாத்தன் பாயைக்கூடச் சுருட்டாமல் எழுந்து போனான். கீரந்தைக்குச் சீ என்றிருந்தது. தம்பி உயிரைக் கொடுத்ததற்கு மூன்று பாயும் ஒரு கல்லும்தானா என்று நினைத்தான். ஊருக்குப் போய்ச் சொன்னபோது வெண்ணி கேட்டுக்கொண்டாள். இந்த முறை பழமொழி எதுவும் சொல்லவில்லை.

அந்த ஆண்டு மழை பரவாயில்லை. குறிக்கல் தலை தெரியவில்லை. அடுத்த ஆண்டு பொய்த்துவிட்டது.

தண்ணீர் கல்லுக்குக் கீழே போனது. வளர்பிறை முழுக்கப் பாலூர் மதகு மூடியிருந்தது. கருவேலியில் பயிர் வாடியது. பௌர்ணமி கழிந்த காலையில் கீரந்தை ஊர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனான். ஈட்டிகளை வைக்கோல் கட்டுக்குள் செருகியிருந்தார்கள். சாத்தன் திறக்க மாட்டான் என்று அவனுக்கு உறுதியாகத் தெரியும். உண்மையில் திறக்காமல் இருந்தால் நல்லது என்றே ஒரு மனம் வேண்டிக்கொண்டது. அப்போதாவது அவனை வாக்குத் தவறியவன் என்று நாக்கு நிறையச் சொல்லலாம். மேற்கே கரைமேல் ஏற்றூர் ஆட்களும் வந்து நின்றிருந்தார்கள்.

சாத்தன் வந்தான். அவன் பின்னால் பாலூரே வந்தது. பாலூர்ப் பயிர் அப்போதுதான் கதிர் விடத் தயாராகப் பொதி கட்டியிருந்தது. இன்னும் சில நாள் தண்ணீர் நின்றால் மணி பிடித்துவிடும். திறக்காதே என்று பெண்கள் அவன் காலைப் பிடித்தார்கள். ஒருவன் அவன் முகத்துக்கு நேரே வசைச்சொல் சொன்னான். சாத்தன் அவர்களை விலக்கிக்கொண்டு மதகில் இறங்கினான். ஒரு கை சரியில்லாததால் பலகை எளிதில் வரவில்லை. உதவ ஒருவரும் இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவனே அதைத் தூக்கினான். தண்ணீர் சீறிக்கொண்டு கீழே பாய்ந்தது.

அவன் நிமிர்ந்து கீரந்தையைப் பார்த்தான். சேற்றில் காறித் துப்பினான்.

"கொண்டுபோய்ச் சாவு" என்றான்.

கருவேலி ஆட்கள் வைக்கோல் கட்டைத் தூக்கிக்கொண்டு தண்ணீரோடு ஓடினார்கள். கீரந்தை அங்கேயே நின்றான். அவனுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஆனாலும் ஊருக்குப் போய் வாய்க்கால்களைப் பார்த்தான். கடைமடை வரை நடந்தான். அதன் பிறகுதான் சத்திரத்துக்கு வந்தான்.

மருதியம்மை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் புதிதாகக் கற்க வந்த இரண்டு ஊர்ப் பேச்சுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கீரந்தை அவர்களைப் பொருட்படுத்தவில்லை. நாய்க்கு எறிவதுபோல் எறிந்தான் என்றான். ஊர் பார்க்கத் துப்பினான் என்றான். ஒருகாலத்தில் என்னைத் தழுவிக்கொண்டவன், என் தம்பியை அண்ணே அண்ணே என்று அழைக்கவைத்தவன், என்னைச் சாகச் சொல்கிறான் என்றான். அன்பில்லை, மரியாதையில்லை, முகத்தில் சிரிப்பில்லை, இதற்குப் பெயர் உடன்படிக்கையா என்று கேட்டான்.

மருதியம்மை அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"தண்ணீர் வந்ததா?"

"வந்தது."

"கடைமடைக்கும்?"

"வந்தது. ஆனால் அம்மை, அவன் துப்பினான்."

"குடித்துப் பார்த்தீரா?"

"குடித்தேன்."

"கசந்ததா?"